பிட் நனையலாமா?

(ஆட்டோமொபைல் பிரிவு இறுதியாண்டு மாணவன் ஒருவன்)



தலைப்பைப் பார்த்ததும் பல பேருக்குச் சிரிப்பு வந்திருக்கும். "ஆஹா, செமஸ்டர் நேரத்துல நல்ல விஷயமா எழுதியிருக்கானே" என்று சிலர் ஆர்வமாகப் பக்கத்தைத் திருப்பியிருக்கவும் கூடும். மன்னிக்கவும். நான் சொல்ல வந்தது சட்டைக் கையில் மடித்து வைக்கிற பிட் அல்ல. காருக்கு அடியில் நின்று வேலை பார்ப்பதற்காகத் தரையில் தோண்டிக் கட்டுகிற குழி. மெக்கானிக் ஷெட்களில் அதற்கும் பிட் என்றுதான் பெயர். ஆசிரியப் பெருமக்கள் நிம்மதியாகத் தொடர்ந்து படிக்கலாம்.

"ஒரு குழியில தண்ணி நிக்கிறதுக்கு ஆண்டு மலர்ல ஒரு கட்டுரையா?" என்று கேட்பீர்கள். அந்தக் குழித் தண்ணீரால்தான் எங்கள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு மாதம் வருமானம் நின்றது. அதே தண்ணீரால் ஒரு மனிதர் சாகப் பிழைத்தார். பக்கத்து வீட்டுக் கிணறு கெட்டதும் அதனால்தான். ஆகவே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதைத் தடுக்க ஒரு ரூபாய் கூடச் செலவு செய்யக் கூடாது. தெரிந்த பிறகு, சில இடங்களில் "இங்கே ஆழமான குழி வேண்டாம்" என்பதுதான் நேர்மையான பதிலாக இருக்கும். அதை ஒப்புக்கொள்ள மனம் வராதபோதுதான் நாம் கெமிக்கல் டப்பா வாங்கக் கிளம்புகிறோம்.

எங்கள் ஷெட்

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள தாழ்வான பகுதி ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் இந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் பக்கம் கடலுக்குப் போகிறது. அதாவது, ஊர்த் தண்ணீர் கடலுக்குப் போகிற வழியில் கொஞ்சம் உட்கார்ந்து இளைப்பாறுகிற இடத்தில் நாங்கள் குடியிருக்கிறோம்.

வீட்டை ஒட்டி 12 அடிக்கு 22 அடியில் ஒரு ஷெட். மேலே சிமென்ட் ஷீட். அப்பா 2009-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது முதலில் கட்டியது பிட்தான். 10 அடி நீளம், 3 அடி அகலம், 5 அடி ஆழம். சுற்றிலும் 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே மூடுவதற்கு மரப் பலகைகள். கால் டாக்சி, குட்டி யானை, கேஸ் ஆட்டோ எல்லாம் வரும். ஜாக்கி போட்டுப் படுத்துக்கொண்டு வேலை பார்க்கிற ஷெட்களுக்கு நடுவில், "பிட் இருக்கிற ஷெட்" என்பது அப்பாவுக்கு ஒரு பெருமை. எங்கள் அம்மாவுக்குத் தாலிச் சங்கிலி எப்படியோ, அப்பாவுக்கு அந்தக் குழி அப்படி.

ஆனால் ஐப்பசி பிறந்தால் போதும், குழியில் தண்ணீர் வந்துவிடும். காலையில் பலகையைத் தூக்கினால் கறுப்பாக, எண்ணெய் மினுக்கத்தோடு நிற்கும். பக்கெட் போட்டு இறைப்போம். மத்தியானத்துக்குள் மறுபடி அதே அளவு நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஷெட்டே மூழ்கிப் போனது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அதை விடுங்கள், அது ஊருக்கே வந்த கஷ்டம். நான் சொல்வது வெள்ளம் வராத வருடங்களில் கூட எங்களுக்கு மட்டும் வந்த கஷ்டத்தை.

2021 நவம்பர்

அந்த வருடம் நவம்பர் முதல் வாரத்தில் சென்னையில் கனமழை. இரண்டு நாள் கழித்து அவசரமாக ஒரு டாக்சி வந்தது. குழியில் கணுக்கால் அளவுத் தண்ணீர். "பரவால்ல, அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று சொல்லி, எங்கள் ஷெட்டில் வேலை பார்க்கும் அண்ணன் ஹேண்ட் லேம்ப்பைக் கையில் பிடித்தபடி இறங்கினார். 230 வோல்ட் லேம்ப். ஒயரில் இரண்டு இடத்தில் டேப் சுற்றியிருந்தது. நம்ம ஊர் ஷெட்களில் டேப் சுற்றாத ஒயரை எங்கே பார்த்தோம்?

ஒரு சத்தம் கூட வரவில்லை. லேம்ப் மட்டும் ஆடியது. அம்மாதான் பார்த்தார். கத்திக்கொண்டே ஓடி மெயினை ஆஃப் செய்தார். அப்பா பலகையைப் போட்டு அண்ணனை மேலே இழுத்தார். கடவுள் புண்ணியத்தில் உயிர் பிழைத்தார். உள்ளங்கையில் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

எங்கள் போர்டில் அன்றைக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்திருந்தால், கரண்ட் உடம்பு வழியாகப் பூமிக்குக் கசிந்த மாத்திரத்தில் சப்ளையைத் துண்டித்திருக்கும். இது எலெக்ட்ரிக்கல் பிரிவில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். எங்கள் ஷெட்டுக்குத் தெரியவில்லை. ஈரமான குழி என்பது வெறும் அசௌகரியம் அல்ல, ஆபத்து என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டு முறை ஏமாந்தோம்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அப்பா, "எவ்வளவு செலவானாலும் சரி, பிட்ல தண்ணி நிக்கக் கூடாது" என்று முடிவு செய்தார். 2022 கோடையில் ஒரு மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "வாட்டர் புரூஃப் கெமிக்கல் கலந்து உள்பக்கம் பூசிட்டா ஒரு சொட்டு வராது சார்" என்றார். பூசினார். அதன்மேல் தார் பெயிண்டும் அடித்தார். பார்க்கப் புதுச் சட்டை போட்ட மாதிரி இருந்தது. கார்த்திகையில் பூச்சு அப்பளம் மாதிரி உப்பி, பொரிந்து, கையோடு வந்தது. மேஸ்திரியைக் கேட்டால் கெமிக்கல் சரியில்லை என்றார். கடைக்காரரைக் கேட்டால் மேஸ்திரி சரியில்லை என்றார்.

அடுத்த கோடையில் இன்னொருவர். "தரையிலதான் சார் ஊத்து இருக்கு. நாலு அங்குலம் கான்கிரீட் போட்டு அமுக்கிடலாம்" என்றார். போட்டார். அந்த மழைக்காலத்தில் அந்தக் கான்கிரீட் நடுவில் முதுகு வளைந்து, நீளவாட்டில் பிளந்தது.

தோழர்களே, இரண்டு பேருமே மோசக்காரர்கள் அல்ல. கணக்குப் போடாதவர்கள், அவ்வளவுதான். அந்தக் கணக்கை நான் போட்டது இரண்டாம் ஆண்டில், அதுவும் சிவில் நண்பன் ஒருவன் பஸ்ஸில் சொல்லிக் கொடுத்த பிறகு. எளிய கணக்கு, நீங்களும் போடுங்கள்:

குழிக்கு வெளியே மண்ணில் நிற்கும் தண்ணீர், குழித் தரையைவிட 3 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். தரையின் பரப்பு 10 × 3 = 30 சதுர அடி. 30 × 3 = 90 கன அடி. ஒரு கன அடித் தண்ணீர் 28.3 கிலோ. ஆக, தரையை அடியிலிருந்து மேலே தள்ளும் சுமை 2,550 கிலோ. ஏறக்குறைய நான்கு மாருதி 800 கார்கள்! அதை அமுக்க நாங்கள் போட்ட 4 அங்குலக் கான்கிரீட்டின் எடை 700 கிலோ கூட வராது. நான்கு காரை ஒரு காரால் அமுக்க முடியுமா? ஆர்க்கிமிடீஸ் தொட்டியில் குளித்துக் கண்டுபிடித்ததை நாங்கள் பணத்தைத் தொட்டியில் போட்டுக் கண்டுபிடித்தோம்.

உள்பக்கப் பூச்சு ஏன் உரிந்தது என்பதும் இதிலேயே விளங்கும். தண்ணீர் சுவருக்கு வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது. பூச்சு உள்ளே இருக்கிறது. கதவை வெளியிலிருந்து ஒருவன் தள்ளும்போது, உள்பக்கம் ஒட்டிய காலண்டர் கதவைத் தாங்குமா?

பக்கத்து வீட்டுக் கிணறு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. நான் முதலாம் ஆண்டு. இரண்டு நாள் பெய்த மழையில் ஷெட்டுக்குள் முட்டி அளவுக்கு மேல் தண்ணீர். அதைவிடப் பெரிய கொடுமை, குழிக்குள் பல நாளாகத் தேங்கியிருந்த பழைய இன்ஜின் ஆயில் அத்தனையும் மேலே மிதந்து வந்து, எங்கள் சமையலறை வழியாகப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனது. அவர்கள் வீட்டு உறைக்கிணறு தரை மட்டத்தில் இருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு எட்டிப் பார்த்தால், கிணற்றில் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம்.

அந்த வீட்டு அத்தை எங்களைத் திட்டவில்லை. "உங்க பிட்டு தண்ணியா தம்பி இது?" என்று மட்டும் கேட்டார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பழைய இன்ஜின் ஆயில் அபாயக் கழிவு. அதை அதற்கென அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர்களிடம்தான் சேர்க்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள். ஆனால் நம்ம ஷெட்களில் குழிதான் கழிவுத் தொட்டி! தண்ணீர் வந்தால் மோட்டார் போட்டுத் தெருவில் விடுகிறோம். தெருத் தண்ணீர் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. எங்கள் சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது என்று பெருமைப்படுகிறோம். அதே வருடம் நாங்கள் அங்கே என்ன அனுப்பினோம் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு நோட்டும் ஒரு டியூபும்

2024 மழைக்காலத்தில் முடிவாக ஒன்று செய்தேன். இந்த முறை யாரையும் கூப்பிட வேண்டாம், முதலில் தண்ணீரைக் கவனிப்போம் என்று ஒரு 40 பக்க நோட்டு போட்டேன். சிவில் நண்பன் மேஸ்திரிகள் வைத்திருக்கும் லெவல் டியூப் கொண்டு வந்தான். பிளாஸ்டிக் டியூப், உள்ளே தண்ணீர், இவ்வளவுதான் கருவி. எங்கள் வீட்டுக் கிணற்று நீர்மட்டம் எவ்வளவு, குழியில் எவ்வளவு என்று ஷெட் தரையிலிருந்து அளந்து தினமும் காலை காலேஜ் கிளம்புமுன் எழுதினேன்.

அக்டோபர் இரண்டாம் வாரம்: கிணற்றில் தண்ணீர் 9 அடிக்குக் கீழே. குழி காய்ந்திருந்தது.

அக்டோபர் 15, அன்றைக்குக் கொட்டிய மழை நினைவிருக்கும். ஒரு மணி நேரத்தில் குழியில் நாலு அங்குலத் தண்ணீர். ஓடிப்போய்க் கிணற்றைப் பார்த்தால் இன்னும் 8 அடிக்குக் கீழேதான் இருக்கிறது! அப்படியானால் இது ஊற்று அல்ல, மேலிருந்து வந்த தண்ணீர்.

நவம்பர் கடைசி, ஃபெஞ்சல் புயல் நேரம்: கிணற்றில் 2 அடிக்கு வந்துவிட்டது. குழியிலும் 2 அடிக்குக் கீழே, அதாவது 3 அடி ஆழத் தண்ணீர். டியூபை வைத்துப் பார்த்தோம். இரண்டும் நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டம். இது நிலத்தடி நீர். மழை விட்ட பிறகும் இறங்கவில்லை. ஒரு நாளைக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவாகக் கிணறும் குழியும் கைகோத்துக்கொண்டு இறங்கி, பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் குழி காய்ந்தது.

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேய், அப்போ நாம கட்டினது பிட் இல்லடா. கிணறு."

அதுதான் உண்மை. பூமியைத் தோண்டி உள்ளே செங்கல் கட்டினால் அதற்குப் பெயர் கிணறு. கிணற்றில் தண்ணீர் வருகிறது என்று யார் மேல் வழக்குப் போடுவது?

மூன்று தண்ணீர்

அந்த ஒரு பருவத்தில் நான் கற்றுக்கொண்டது, "தண்ணி வருது" என்று பொதுவாகச் சொல்லக் கூடாது என்பதைத்தான். வருவது மூன்று வகை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது.

முதலாவது, மேலிருந்து வருவது. வேகமாக வரும், மழை நின்றால் நிற்கும். எங்கள் ஷெட் கூரைத் தண்ணீர் முழுவதும் குழியின் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஊற்றிக்கொண்டிருந்தது. தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமலே இரண்டு முறை மேலே மேலே ரோடு போட்டதால், ரோடு எங்கள் தரையைவிட 8 அங்குலம் உயர்ந்துவிட்டது. இதெல்லாம் போதாதென்று, வீட்டின் மழைநீர் சேகரிப்புத் தொட்டி குழியிலிருந்து ஆறே அடி தூரத்தில்! 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட நல்ல திட்டம் அது. ஆனால் மொட்டைமாடித் தண்ணீர் முழுவதையும் நாங்களே பைப் போட்டுக் குழியின் காலடியில் இறக்கிவிட்டு, "எங்கிருந்துடா வருது" என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதற்கு வைத்தியம் சுலபம், மலிவு. கூரை ஓரத்தில் தகரக் கால்வாய். கேட்டுக்கு அடியில் வேகத்தடை மாதிரி ஒரு மேடு, அதன் உள்பக்கம் கம்பி வலை போட்ட ஒரு சின்னக் கால்வாய். ஷெட் தரையைக் குழியின் பக்கம் சாய்க்காமல் எதிர்ப் பக்கம் சாய்ப்பது. நூற்றுக்கு ஒன்று சரிவு போதும், 12 அடிக்கு ஒன்றரை அங்குலம். சேகரிப்புத் தொட்டியை வீட்டின் மறுபக்கம் மாற்றினோம். சேமிப்பும் கெடவில்லை, குழியும் நனையவில்லை.

இரண்டாவது, கீழிருந்து வருவது. மெதுவாக வரும், மாதக்கணக்கில் நிற்கும். இதற்குப் பூச்சு உதவாது என்பதைச் சொல்லிவிட்டேன். மோட்டார் வைத்து இறைக்கலாமே என்பீர்கள். ஊர் முழுக்க நிலத்தடி நீர் 2 அடியில் நிற்கும்போது எங்கே இறைத்து எங்கே விடுவது? தெருவில் விட்டால் ஊறி நம்ம குழிக்கே வரும். தேவைப்படும் நாளில் கரண்டும் இருக்காது.

சரி, ஒரே வார்ப்பாக ஆர்.சி.சி. பெட்டி கட்டி, வெளிப்பக்கம் வாட்டர் புரூஃப் செய்துவிட்டால்? செய்யலாம், அதுவே முறையான வழி. ஆனால் மறுபடி கணக்கு. எங்கள் குழியின் அளவுக்கு, 6 அங்குலச் சுவரும் 8 அங்குலத் தரையும் வைத்தால், பெட்டியின் வெளி அளவு 11 × 4 × 5⅔ அடி. நீர்மட்டம் தரை வரைக்கும் வந்தால் தள்ளும் விசை சுமார் 7 டன். பெட்டியின் எடையும் சுமார் 7 டன்தான்! அதாவது தண்ணீர் புகாமல் அருமையாகக் கட்டிய பெட்டி, படகு மாதிரி மிதக்கத் தயாராக நிற்கும். தண்ணீர்த் தொட்டி வடிவமைப்பவர்கள் எடை 1.2 மடங்காவது வேண்டும் என்பார்கள். அதற்குத் தரையைச் சுவருக்கு வெளியேயும் நீட்டி, அதன்மேல் மண்ணைப் போட்டு அமுக்க வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டிய ஷெட்டில் அதற்கு இடம் எது? பணம் எது?

மூன்றாவது, காற்றில் வருவது. ஈரமான குழியைப் பலகை போட்டு இறுக்கமாக மூடினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிப்பது வேகமெடுக்கும் என்று படித்திருக்கிறோம். நம் கடற்கரை ஊரில் மழைக்காலம் முழுக்க அதற்கு மேல்தான். ஸ்பேனரெல்லாம் ஒரே வாரத்தில் செம்பட்டை. இது காற்றா, சுவரா என்று சந்தேகம் வந்தால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் ஷீட்டுக்குப் பின்பக்கம் நீர்முத்து இருந்தால் ஓதம் சுவரிலிருந்து வருகிறது. முன்பக்கம் இருந்தால் காற்றிலிருந்து வருகிறது. செலவு ஐந்து ரூபாய் டேப்.

இதற்கு வைத்தியம் காற்றோட்டம். பலகைகளுக்கு நடுவே இடைவெளி, குழியின் அடிவரை இறங்குகிற ஒரு பெரிய பி.வி.சி. பைப். அடிவரை ஏன்? பெட்ரோல் ஆவியும் எல்.பி.ஜி.யும் காற்றைவிடக் கனமானவை. குழியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதே காரணத்தால் சாதாரண ஃபேனையோ சுவிட்சையோ குழிக்குள் வைக்காதீர்கள். ஒரு பொறி போதும்.

காரை உயர்த்து

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நான் அப்பாவிடம் சொன்னேன்: "பிட்டை மூடிரலாம்ப்பா."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "படிக்கப் போனா கட்டுறதுக்கு வழி சொல்லுவான்னு பார்த்தா, மூடுறதுக்கு வழி சொல்றான்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. அந்தக் குழியில் நின்றுதான் எனக்கு ஃபீஸ் கட்டினார்.

கடைசியில் நோட்டுதான் எங்களைச் சமாதானம் செய்தது. புயல் நேரத்தில் கூட நிலத்தடி நீர் 2 அடிக்குக் கீழேதான் நின்றிருக்கிறது. அப்படியானால் மேல் 2 அடி நமக்குச் சொந்தம், கீழ் 3 அடி தண்ணீருக்குச் சொந்தம். தண்ணீர் பங்கைத் தண்ணீருக்கே கொடுத்துவிட்டால் என்ன?

2025 கோடையில் குழியின் கீழ் 3 அடியை நிரப்பினோம். அடியில் ஜல்லி, அதன்மேல் எம்-சாண்ட், மேலே கான்கிரீட் தரை. அடியில் தண்ணீர் ஏறினால் தரையைத் தூக்காமல் மூச்சு விட்டு வெளியேற நடுவில் இரண்டு சிறு பைப் துவாரம். ஒரு மூலையில் எண்ணெய் சொட்டைப் பிடிக்கத் தனித் தட்டு. குழியின் இரு பக்கமும் ஒன்றரை அடி உயரத்துக்கு இரும்புச் சேனலில் ரேம்ப். கார் ரேம்ப்பில் ஏறினால், காரின் அடிக்கும் குழித் தரைக்கும் நடுவே 4 அடிக்குக் குறையாத இடம். சக்கரம் வைத்த குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து வேலை. நின்றுகொண்டு கழுத்தைத் தூக்கி வேலை பார்த்து இருபது வருடமாக இருந்த கழுத்து வலி குறைந்திருப்பதாக அப்பா சொல்கிறார். எலெக்ட்ரிக்கல் நண்பன் ஆர்.சி.சி.பி. மாட்டிக் கொடுத்தான். ஹேண்ட் லேம்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு சார்ஜ் லைட் வாங்கினோம்.

பிறகு வந்த ஐப்பசி, கார்த்திகையில் தினமும் காலை பலகையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு நாள் மட்டும் பைப் துவாரத்தைச் சுற்றித் தரை வேர்த்தது. மற்றபடி காய்ந்த தரை. ஷெட் ஒரு நாள் கூட மூடவில்லை. 2015 மாதிரி வெள்ளம் வந்தால் இதுவும் மூழ்கும்தான். ஆனால் அன்றைக்கு மிதந்து போக உள்ளே பழைய ஆயில் இருக்காது. அது மூடி போட்ட டின்னில், மேல் தட்டில் இருக்கிறது.

"இதுக்கு லிஃப்ட் வாங்கியிருக்கலாமே" என்று ஒரு நண்பன் கேட்டான். வாங்கலாம். அதற்குக் கனமான கான்கிரீட் தரை வேண்டும், கூரை உயரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக முதல் வேண்டும். வீட்டோடு ஷெட் வைத்திருப்பவர்களிடம் இல்லாததே அதுதானே.

தோழர்களுக்குச் சில வார்த்தை

நம்மில் பல பேர் வீட்டில் ஷெட் இருக்கிறது. படிப்பை முடித்ததும் சொந்தமாக ஷெட் போடப் போகிறவர்களும் இருக்கிறோம். உங்களுக்காக:

1. குழி தோண்டுமுன், ஒரு மழைக்காலம் பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். குழித் தரை அந்த மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும்.

2. முதலில் மேல் தண்ணீரைத் திருப்புங்கள். கூரை, தரைச் சரிவு, வாசல் மேடு. பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

3. உள்பக்கப் பூச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

4. குழியில் தண்ணீர் இருக்கும் நாளில் 230 வோல்ட் ஒயரை உள்ளே இறக்காதீர்கள். "அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று சொல்லாதீர்கள்.

5. எண்ணெய் கலந்த தண்ணீரைத் தெருவில் விடாதீர்கள். அடுத்த வீட்டில் கிணறு இருக்கிறது.

கடைசியாக ஒரு குறை. குழியைத் தோண்டுவது சிவில், அதில் இறங்குவது ஆட்டோமொபைல், அதற்குள் ஷாக் அடிப்பது எலெக்ட்ரிக்கல். மூன்று பிரிவும் ஒரே காம்பவுண்டில், ஒரே கேன்டீனில் டீ குடிக்கின்றன. ஆனால் மூன்று வருடத்தில் ஒருவர் பாடத்தை ஒருவர் கேட்பதில்லை. என் வீட்டுப் பிரச்சினைக்கு விடை எந்த ஒரு பிரிவின் புத்தகத்திலும் முழுதாக இல்லை. அது 80 பைசாவாக அங்கேயும் 20 பைசாவாக இங்கேயும் சிதறிக் கிடந்தது. பொறுக்கிச் சேர்க்க ஒரு பஸ் பயண நட்பு தேவைப்பட்டது. இறுதியாண்டு புராஜெக்டை மூன்று பிரிவும் சேர்ந்து செய்ய நிர்வாகம் வழி செய்யட்டும். மாடலைத் தெர்மோகோலில் செய்ய வேண்டாம். நம் ஊரில் நனைந்து கிடக்கும் ஏதாவது ஒரு ஷெட்டில் செய்வோம். பேரவை இதை வரும் ஆண்டிலாவது ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்றார்கள் பெரியவர்கள். அணை போடுமுன் வெள்ளம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார் என்பது, ஒரு மெக்கானிக்கின் மகன் அதோடு சேர்த்துக்கொண்ட வரி.

பரீட்சைக்கு பிட் வேண்டாம். ஷெட்டுக்கு பிட் வேண்டுமென்றால், அது நனையாத பிட்டாக இருக்கட்டும்!